லாட்டரிப் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளி, ஆரியங்காவு பக்கம் போய்வரும் மதுரைக்காரர்கள் திரும்பி வந்ததும் அடிக்கடி எழுப்பும் வாதம் இது: "கேரளாவில் லாட்டரி விற்றே பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள், அமெரிக்காவிலும் அப்படித்தான், நாம் மட்டும் ஏன் மூடி வைத்திருக்கிறோம்?" இதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதைக் கீழே உள்ள பதில்களில் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் இப்போது அரசு லாட்டரி உண்டா?

இல்லை. 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது ஒரு ரூபாய்ச் சீட்டு, ஒரு லட்சம் ரூபாய் முதல் பரிசு என்று பரிசுச் சீட்டுத் திட்டம் தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் அப்போது வந்ததுதான். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா வகை லாட்டரி விற்பனைக்கும் தடை போட்டது. தமிழ்நாட்டுச் சீட்டு மட்டுமல்ல, வெளிமாநிலச் சீட்டும் அதில் அடங்கும். சீட்டு அச்சடித்துக்கொண்டிருந்த சிவகாசி அச்சகங்களும் அந்த வேலையை இழந்தன.

அப்படியானால் நம் அரசு மட்டும் நடத்திக்கொண்டு, மற்ற மாநிலச் சீட்டைத் தடுக்கலாமே?

முடியாது. டீக்கடை வாதங்களில் பலரும் தவறவிடும் இடம் இதுதான். மாநில அரசுகள் நடத்தும் லாட்டரி, அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 40-வது இனமாக வருகிறது. அதன்படி வந்தது 1998-ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம். அதன் 5-வது பிரிவு, வெளிமாநிலச் சீட்டு விற்பனையைத் தடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுக்கிறது. ஆனால் 1999-ல் உச்ச நீதிமன்றம் ஒரு நிபந்தனை போட்டது: தானும் லாட்டரி நடத்தாத மாநிலம்தான் பிறர் சீட்டைத் தடுக்கலாம்.

ஆக, சென்னையில் ஒரு குலுக்கல் தொடங்கினால் மறுநாளே கேரளம், சிக்கிம், நாகாலாந்து என்று எல்லாச் சீட்டுக்கும் மாட்டுத்தாவணியில் இடம் கொடுத்தாக வேண்டும். "கல்விக்காக மட்டும், அளவோடு" என்று ஒரு மூலையில் வைத்து நடத்துவதற்குச் சட்டத்தில் வழியில்லை.

லாட்டரிப் பணத்தைக் கல்விக்குத்தான் செலவிட வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்கிறதா?

சொல்லவில்லை. 1998 சட்டத்தின் 4-வது பிரிவில் நடத்தும் முறைக்குத்தான் நிபந்தனைகள் உண்டு. சீட்டில் மாநில முத்திரை இருக்க வேண்டும். குலுக்கலை மாநில அரசே நடத்த வேண்டும், அதுவும் தன் எல்லைக்குள். ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. பம்பர் குலுக்கல் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் கூடாது. ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது. யாரும் வந்து கேட்காத பரிசு அரசுக்குச் சேரும். விற்பனைத் தொகை மாநிலத்தின் பொதுக் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். அந்தப் பணத்தை எந்தத் துறைக்குச் செலவிட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

கேரளத்தில் எங்கே போகிறது?

கேரளம் 1967 நவம்பர் 1-ல் முதல் சீட்டை வெளியிட்டது. விலை ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. குலுக்கல் 1968 ஜனவரி 26-ல். இதற்கு வழிவகுத்தவர் அப்போதைய நிதியமைச்சர் பி.கே.குஞ்ஞு சாகிப். பல பத்தாண்டுகள் வருமானம் அரசின் பொது வரவாகவே போய்க்கொண்டிருந்தது. 2011-ல் கே.எம்.மாணி நிதியமைச்சராக இருந்தபோது 'காருண்யா' லாட்டரி வந்தது. அதன் வருமானம் ஏழை நோயாளிகளின் சிகிச்சை உதவிக்கு என்று ஒதுக்கப்பட்டது. அங்கே பேர் சொல்லி ஒதுக்கியது மருத்துவத்துக்குத்தான், பள்ளிக்கல்ல.

பள்ளிக்கும் லாட்டரிக்கும் அங்கே நேரடித் தொடர்பு ஒன்று உண்டு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில். எர்ணாகுளம் காக்கநாட்டில் இருக்கும் கேரள அரசின் புத்தக வெளியீட்டுச் சங்கம்தான் பாடப்புத்தகத்தையும் அச்சடிக்கிறது, லாட்டரிச் சீட்டையும் அச்சடிக்கிறது.

50 ரூபாய் கொடுத்து ஒரு சீட்டு வாங்கினால் அது எப்படிப் பிரிகிறது?

முதலில் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28. சீட்டில் அச்சிட்ட விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால் 50-ல் 40 சதவீதம் என்று 20 ரூபாய் கழிக்கக் கூடாது. 50-ஐ 140-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 35 ரூபாய் 71 காசு. அதுதான் சீட்டின் அடக்க மதிப்பு. மீதி 14 ரூபாய் 29 காசு வரி. பழைய 28 சதவீதத்தில் வரி 10 ரூபாய் 94 காசாக இருந்திருக்கும்.

அந்த 14.29-ல் சரிபாதி மாநிலத்துக்கு, சரிபாதி மத்திய அரசுக்கு. அடக்க மதிப்பான 35.71-லிருந்துதான் பரிசு, முகவர் கமிஷன், அச்சு, விளம்பரம், ஊழியர் சம்பளம் எல்லாம் போக வேண்டும். பெரும்பகுதி பரிசுக்கே போய்விடும். எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் லாபம்.

மத்திய அரசுக்குப் போகும் 7 ரூபாய் 14 காசு மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்பில் சேருகிறது. மாநிலங்களுக்கு 41 சதவீதம், அதில் தமிழ்நாட்டுக்குச் சுமார் 4 சதவீதம். கணக்குப் போட்டால் குமுளியில் விற்ற ஒரு சீட்டிலிருந்து நம் கருவூலத்துக்கு ஏறத்தாழ 12 காசு வந்து சேருகிறது. லாட்டரியே வேண்டாம் என்று சொன்ன மாநிலத்துக்கும் அதில் ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது.

கேரளத்துக்கு லாட்டரியால் பத்தாயிரம் கோடி வருகிறது என்கிறார்களே?

பத்தாயிரம் கோடிக்கு மேல் என்பது விற்பனைத் தொகை. அரசுக்கு மிஞ்சுவது வேறு, அதைவிட வெகு குறைவு. பத்திரிகைத் தலைப்புகளில் இரண்டும் அடிக்கடி ஒன்றாகிவிடுகின்றன. நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. எல்லா மாநில பட்ஜெட்டுக்கும் கணக்குத் தலைப்பு எண்கள் ஒன்றேதான். வரவுப் புத்தகத்தில் 0075 என்ற பெருந்தலைப்பின் கீழ் 103 என்பது அரசு லாட்டரி வரவு. செலவுப் புத்தகத்தில் 2075-ன் கீழ் 103 என்பது லாட்டரிச் செலவு. பரிசு, கமிஷன் எல்லாம் அங்கேதான். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். லாட்டரியிலிருந்து வரும் மாநில ஜிஎஸ்டி இதில் சேராது. அது 0006 என்ற தலைப்பில் மற்ற ஜிஎஸ்டியோடு கலந்து கிடக்கும்.

கல்விச் செலவைப் பார்க்க 2202 பொதுக் கல்வி, 2203 தொழில்நுட்பக் கல்வி, 4202 கட்டடம் முதலான மூலதனச் செலவு. தமிழ்நாட்டு பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 43, உயர் கல்வி எண் 20. இந்த இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கோடு எந்த பட்ஜெட் புத்தகத்திலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி ஒரு கோடு இல்லாதவரை "லாட்டரியால் பள்ளி நடக்கிறது" என்பது பேச்சு மட்டுமே.

அமெரிக்காவில் நிஜமாகவே கல்விக்குத்தான் போகிறதா?

பல மாநிலங்களில் ஆம், சட்டப்படியே. நியூ ஹாம்ப்ஷயர்தான் இந்தக் காலத்து அரசு லாட்டரியின் தொடக்கம். 1964-ல் முதல் குலுக்கல். அந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை, பொது விற்பனை வரியும் இல்லை. பள்ளிக்குப் பணம் திரட்ட வேறு வாசல் அடைபட்டிருந்ததால்தான் இந்த வாசல் திறந்தது. இன்று 50-ல் 45 மாநிலங்கள் நடத்துகின்றன.

கலிபோர்னியாவில் 1984-ல் வாக்கெடுப்பு நடத்தி, வருமானத்தில் குறைந்தது 34 சதவீதம் கல்விக்கு என்று எழுதி வைத்தார்கள். மறு ஆண்டே விற்பனை தொடங்கியது. மாணவர் வருகைக் கணக்குப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் பிரித்துத் தருகிறார்கள். அத்தனைக்கும் பிறகு, அங்கே பள்ளிகளின் மொத்தச் செலவில் லாட்டரியின் பங்கு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. விளம்பரம் மட்டும் மாநிலம் முழுக்க இருப்பதால், பள்ளிக்கு வேறு வரி கேட்டால் "அதான் லாட்டரி இருக்கிறதே" என்று வாக்காளர் கேட்கிறார். பள்ளி நிர்வாகங்களுக்கு இது தீராத தலைவலி.

கல்விக்கு என்று ஒதுக்கினால் கல்விக்குப் பணம் கூடத்தானே செய்யும்?

கூட வேண்டும் என்று கட்டாயமில்லை. தாய்மாமன் படிப்புச் செலவுக்கு மாதம் 2,000 தருகிறார் என்று தெரிந்ததும், அதுவரை 5,000 கட்டிக்கொண்டிருந்த அப்பா 3,000 மட்டும் கட்டினால், பிள்ளைக்கு அதே 5,000-தான். மாமன் கொடுத்தது உண்மை, படிப்புக்குப் போனதும் உண்மை. கூடியது அப்பாவின் பையில்.

அரசு பட்ஜெட்டில் இதுவே நடக்கிறது. லாட்டரியிலிருந்து 1,000 கோடி பள்ளிக்கு என்று அறிவித்துவிட்டு, பொது நிதியிலிருந்து பள்ளிக்குப் போவதில் 1,000 கோடியைச் சத்தமில்லாமல் குறைக்கலாம். பெரும்பாலும் வெளிப்படையாகக் குறைப்பதில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏற்ற வேண்டிய அளவு ஏற்றாமல் விடுவார்கள், அவ்வளவுதான். அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம்.

இதற்குத் தடுப்பு வேண்டுமென்றால், சட்டத்திலேயே மூன்று அம்சங்கள் வேண்டும். பணம் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். வழக்கமான கல்விச் செலவுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகம் வேண்டும். அதைவிட முக்கியம், பணம் போகும் திட்டம் முன்பு இல்லாத புதுத் திட்டமாக இருக்க வேண்டும். பழைய சம்பளப் பட்டியலில் கலந்தால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

அப்படிச் சரியாகச் செய்த இடம் ஏதாவது உண்டா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சொல்லலாம். 1993-ல் ஆளுநர் செல் மில்லர் காலத்தில் தொடங்கியது. பணம் தனிக் கணக்கில் சேர்ந்து, 'ஹோப்' என்ற கல்லூரி உதவித்தொகைக்கும், நான்கு வயதுப் பிள்ளைகளின் முன்பள்ளிக்கும் போனது. இரண்டுமே அதுவரை இல்லாத திட்டங்கள் என்பதால் யாருக்கு எவ்வளவு போனது என்று எண்ணிக் காட்ட முடிந்தது.

அங்கேயும் கோளாறு வந்தது, ஆனால் வேறு வகையில். கல்லூரிக் கட்டணமும் மாணவர் எண்ணிக்கையும் ஏறிய வேகத்தில் சீட்டு விற்பனை ஏறவில்லை. 2011-ல் சட்டத்தைத் திருத்தி, உதவித்தொகை முழுக் கட்டணத்தையும் கட்டாது என்று குறைத்தார்கள்; முழுத்தொகை வேண்டுமென்றால் இன்னும் உயர்ந்த மதிப்பெண் வேண்டும் என்றாயிற்று. மதிப்பெண் அடிப்படையில் கொடுப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. சீட்டு அதிகம் வாங்கும் குடும்பம் ஒன்று, உதவித்தொகை அதிகம் பெறும் குடும்பம் வேறொன்று. இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது நம் கருத்து.

தமிழ்நாட்டில் மறுபடி தொடங்கினால் பள்ளிக்கு எவ்வளவு கிடைக்கும்?

உத்தேசக் கணக்கு ஒன்று போடலாம். 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். ஒரு நாளைக்குச் சுமார் 128 கோடி. லாட்டரி விற்பனை ஆண்டுக்கு 10,000 கோடி, அதில் பத்து சதவீதம் லாபம், அது முழுவதும் பள்ளிக்கு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,000 கோடி வரும். எட்டு நாள் செலவுக்குச் சற்றுக் குறைவு.

அந்த எட்டு நாளுக்காக மக்கள் வாங்க வேண்டியது 10,000 கோடிக்குச் சீட்டு. தமிழ்நாட்டில் சுமார் 2 கோடியே 20 லட்சம் அரிசி அட்டைகள். அட்டைக்கு ஆண்டுக்கு 4,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது. எல்லோரும் வாங்க மாட்டார்கள் என்பதால் வாங்குகிற வீட்டின் மேல் விழுவது இதைப்போலப் பல மடங்கு. வில்லாபுரத்திலோ மேலூரிலோ தினக்கூலி வாங்கும் வீடுகளையும் அண்ணா நகர் வீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தச் சுமை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

டாஸ்மாக் வருமானம் கல்விக்குப் போகிறது என்கிறார்கள், அது மட்டும் சரியா?

அதுவும் அரசின் பொது நிதியில்தான் கலக்கிறது. 2024-25-ல் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து 48,344 கோடி. பள்ளிக் கல்வி ஒதுக்கீட்டோடு தொகை ஏறத்தாழ ஒத்துப்போவதால் "சாராயக் காசில்தான் பள்ளிக்கூடம்" என்று சொல்வது சுலபம். அதே பணத்தை மருத்துவமனைக்கும் சாலைக்கும் ஓய்வூதியத்துக்கும் பொருத்திச் சொல்லலாம். எதுவும் தப்பாகவும் தெரியாது, சரியாகவும் இருக்காது.

பரிசு விழுந்தால் கட்டும் வரியில் கல்விக்கு ஏதும் உண்டா?

உண்டு, பெயரளவில். ஒரு கோடிப் பரிசில் முகவர் பங்கு போக 90 லட்சம் உங்கள் கணக்குக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்கு 30 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள்: 27 லட்சம். கையில் 63 லட்சம். பலர் இதோடு முடிந்தது என்று நினைத்து வீட்டுமனைக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். முடியவில்லை. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால் வரியின் மேல் 10 சதவீதக் கூடுதல் வரி, 2,70,000. அதற்கு மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ், 1,18,800. ஆக இன்னும் 3,88,800 ரூபாயை நீங்களேதான் கட்ட வேண்டும். முன்வரியாக அந்த நிதியாண்டின் மார்ச் 31-க்குள் கட்டாவிட்டால் வட்டி சேரும். இதில் அடிப்படை விலக்கு வரம்பும் கிடையாது, 80சி போன்ற கழிவுகளும் கிடையாது, சீட்டு வாங்கிய செலவையும் கழிக்க முடியாது.

அந்த 1,18,800-ல்தான் 'கல்வி' என்ற பெயர் இருக்கிறது. செஸ் மத்திய அரசுக்கே. மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. முன்பு இடைநிலை, உயர் கல்விக்கு என்று தனியாக ஒரு சதவீதம் வசூலித்தபோது 2016-17 வரை 83,000 கோடிக்கு மேல் சேர்ந்தது. அதற்கென உள்ள நிதியத்துக்கு அது மாற்றப்படவே இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி எழுதினார். பெயர் வைப்பது ஒன்று, போய்ச் சேருவது வேறு என்பதற்கு லாட்டரியை விடப் பெரிய சாட்சி இதுதான்.

கேரளச் சீட்டை மதுரையில் வாங்கலாமா?

இங்கே விற்பது குற்றம். கேரளத்துக்குப் போனபோது அங்குள்ள கடையில் வாங்கி, பரிசு விழுந்து, முறையாகப் பெற்ற தமிழ்நாட்டுக்காரர்கள் உண்டு. 2023 ஓணம் பம்பரின் 25 கோடி திருப்பூர் பக்கத்து நான்கு பேருக்குத்தான் போனது. வெளிமாநிலத்தவர் என்றால் சீட்டு எங்கே வாங்கியது என்று விசாரிப்பார்கள், நோட்டரி சான்றும் கேட்பார்கள். குலுக்கல் நாளிலிருந்து 30 நாளுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும். பின்பக்கம் பெயர், முகவரி, கையெழுத்து இல்லாத சீட்டு கைமாறினால் வைத்திருப்பவருடையது ஆகிவிடும். அதனால் வாங்கியதும் எழுதிவிடுங்கள். கிழிந்தோ எண் அழிந்தோ இருந்தால் பரிசு போய்விடும்.

கேரள லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "ஜிபே போடுங்க, சீட்டு எடுத்து வைக்கிறோம்" என்றால் அது மோசடி. "பரிசு விழுந்திருக்கிறது, ஜிஎஸ்டி மட்டும் கட்டுங்கள்" என்பதும் அதேதான். பரிசு பெறுபவர் ஜிஎஸ்டி கட்டுவதே இல்லை.

மூன்று நம்பர் லாட்டரி?

அது லாட்டரியே அல்ல. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் துண்டுச் சீட்டில் எழுதி நடத்தும் சூதாட்டம். 60 ரூபாய்க்கு 25,000 தருவதாக ஒருவர் சொன்னால், ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்பதால் அந்தச் சீட்டின் மதிப்பு 25 ரூபாய், மீதி 35 சீட்டு எழுதுபவருக்கு. வரி இல்லை, கணக்கு இல்லை, பள்ளிக்கு ஒரு காசும் இல்லை. எண் விழுந்தும் பணம் தராவிட்டால் எந்தக் காவல் நிலையத்திலும் போய்க் கேட்க முடியாது.

மதுரைப் பள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்துதான் வருகிறது?

ஆசிரியர் சம்பளம் மாநில பட்ஜெட்டிலிருந்து. செலவில் பெரும்பகுதி அதுதான். பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதம். அதில் நம் மாநிலத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி, தேசியக் கல்விக் கொள்கைத் தகராறில் நிறுத்தி வைக்கப்பட்டதும் தெரிந்ததே. மேலே போட்ட உத்தேசக் கணக்கில் லாட்டரி ஓராண்டில் தருவதைப்போல இரண்டு மடங்கு அது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பொது நிதியில்தான் நடக்கிறது.

நீங்கள் கட்டும் வீட்டு வரியிலும் கல்வி வரி, நூலக வரி என்று பகுதிகள் உண்டு; ரசீதை எடுத்துப் பாருங்கள். கொடிக்குளத்தில் ஓர் அம்மா 1.52 ஏக்கர் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தது 2024-ல் ஊரறிந்த செய்தி.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்த பணத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

சமக்ர சிக்ஷா விதிப்படி பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்காமல் எந்தத் தேதியில் வந்தது என்றும் கேளுங்கள். மார்ச்சில் வந்து சேரும் பணம் அவசரத்தில் தேவையில்லாத பொருளாக மாறுவதுதான் வழக்கமான கோளாறு.

கூட்டத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். "விவரம் தரவும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும். ஆண்டு, தலைப்பு, வரவு வைத்த தேதி, செலவுச் சீட்டின் நகல் என்று தனித்தனியாக எண்ணிட்டுக் கேளுங்கள்.